மணிக்கா, மாவுக்கா, மூட்டைக்கா?

தை பிறந்து நாலாவது நாள் சித்தப்பா போன் செய்தார். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், கோரையாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்பது மா, அதாவது கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. இந்த சம்பாவுக்கு சாவித்திரி நெல் போட்டிருந்தோம், அதாவது சி.ஆர். 1009 ரகம். கதிர் முற்றித் தலை கவிழ்ந்து நிற்கிறது என்று சொன்னவர், அதே மூச்சில் அறுவடை மெஷினுக்கு மூன்று விலையை அடுக்கினார். டயரில் ஓடுவது ஒன்று, டாங்கி மாதிரி பெல்ட்டில் ஓடுவது ஒன்று.

"டயர் மெஷின் மணிக்கு ஆயிரத்து எண்ணூறு. பெல்ட் மெஷின் மணிக்கு ரெண்டாயிரத்து ஐநூறு. இன்னொருத்தன், மணிக்கணக்கே வேணாங்க, மாவுக்கு தொள்ளாயிரத்து அம்பது குடுங்க, முடிச்சுக் குடுத்துட்டுப் போறேங்கிறான். எது தம்பி மலிவு?"

நான் தஞ்சாவூரில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். பத்து மாத்திரை அட்டையையும் பதினைந்து மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைத்து, ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று பார்ப்பது தினப்படி வேலை. இருந்தும் வாயில் முதலில் வந்தது "டயர்தான் சித்தப்பா" என்பதுதான். 2,500-ஐவிட 1,800 குறைவுதானே?

"போன வருஷமும் இதத்தான் சொன்ன" என்றார்.

சொல்லியிருந்தேன். போன வருஷம் டயர் மெஷின் பள்ள வயலில் அச்சு வரை இறங்கிவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். இழுத்த நேரத்துக்கும் சேர்த்து மணி ஓடியது. மூன்று மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது ஆறு மணி நேரம் ஆனது. மெஷின்காரர் மேல் தப்பில்லை. மணிக்குத்தான் பேசினோம், மணிக்குத்தான் வாங்கினார்.

அதனால் இந்த முறை போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன்.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பத்திரத்தில் ஏக்கர் எழுதினாலும் பேச்சில் மாதான். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்றாலே இருபதில் ஒரு பங்கு. நிலத்தின் அளவுக்கே பின்னத்தின் பெயரை வைத்த ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு விகிதம் கசக்கிறது என்றால் அது பள்ளிக்கூடத்தில் யாரோ செய்த வேலை. ஒரு மா கிட்டத்தட்ட 33 சென்ட், மூன்று மா ஒரு ஏக்கர். எங்கள் ஒன்பது மா மூன்று ஏக்கருக்கு இரண்டரை சென்ட் குறைவு.

மூன்று விலையில் இரண்டு மணிக்கு, ஒன்று மாவுக்கு. அப்படியே வைத்து ஒப்பிட வழியில்லை. மணியை மாவாக மாற்ற நடுவில் ஒரு எண் வேண்டும்: ஒரு மா அறுக்க எத்தனை நிமிஷம். அதை எந்த மெஷின்காரரும் சொல்ல மாட்டார், கேட்டால் "வயலப் பொறுத்ததுங்க" என்பார். அதுவும் நிஜம்தான். சித்தப்பாவிடம், பக்கத்தில் எங்கே மெஷின் ஓடுகிறதோ அங்கே போய் வரப்பில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சாயந்திரம் சொன்னார். காய்ந்த மேட்டு வயலில் இரண்டு மெஷினுமே மாவுக்கு 20 நிமிஷம். கால் புதைகிற பள்ள வயலில் டயருக்கு 35 நிமிஷம், பெல்ட்டுக்கு 24.

இப்போது எல்லாவற்றையும் மாவுக்கு மாற்றலாம். டயர் மணிக்கு 1,800 என்றால் நிமிஷத்துக்கு 30 ரூபாய். மேட்டில் 20 நிமிஷம், 600 ரூபாய். பள்ளத்தில் 35 நிமிஷம், 1,050 ரூபாய். பெல்ட் நிமிஷத்துக்கு 41 ரூபாய் 67 காசு. மேட்டில் 833, பள்ளத்தில் சரியாக 1,000. மாக்கணக்குப் பேசியவர் சொன்னது எங்கும் 950.

மேட்டில் டயர்தான் மலிவு. பள்ளத்தில் அதே டயர்தான் மூன்றிலும் கிராக்கி.

எந்த இடத்தில் தராசு சாய்கிறது என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது. 1,800-க்கு 2,500 என்பது 18-க்கு 25. பெல்ட் மெஷின் 18 நிமிஷத்தில் முடிக்கிற இடத்தை டயர் 25 நிமிஷத்துக்குள் முடித்தால் டயர் லாபம், 25-ஐத் தாண்டினால் பெல்ட் லாபம். எந்த வயலானாலும் சரி, வரப்பில் நின்று சொல்லிவிடலாம். அடுத்த வருஷம் இரண்டு பேரும் நூறு ரூபாய் ஏற்றினாலும் 19-க்கு 26 என்று மாற்றிக்கொண்டால் போதும்.

மாவுக்கு 950 என்று பேசுகிறவரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒன்பது மாவுக்கு 8,550 ரூபாய். மெஷின் சேற்றில் இறங்கினாலும், டிப்பர் வராமல் நின்றாலும் அது அவர் பாடு. தொட்டி நிரம்பியதும் மெஷின் ரோட்டோரம் வந்து நெல்லைக் கொட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து டிராக்டர்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் மெஷின் நிற்கும், மீட்டர் நிற்காது. மணிக்கணக்கில் பேசினால் அந்த டீக்கும் சேர்த்து நாம் காசு கொடுக்கிறோம். வயல் முழுக்கப் பள்ளம் என்றால், அல்லது கூட நிற்க ஆளில்லை என்றால், நான் யோசிக்காமல் மாக்கணக்குதான் பேசுவேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் சாகுபடி பார்க்கிறவர்களுக்கு அதுதான் சரி.

எங்களுடையது கலப்பு. ஆறு மா மேடு, வடிகாலை ஒட்டி மூன்று மா பள்ளம். முழுக்க டயர் என்றால் ஆறுக்கு 3,600, மூன்றுக்கு 3,150, மொத்தம் 6,750. மேட்டுக்கு டயர், பள்ளத்துக்கு பெல்ட் என்றால் 3,600-உம் 3,000-உம் சேர்ந்து 6,600. இத்தனை கணக்கும் போட்டுக் கடைசியில் மிச்சம் 150 ரூபாய். எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் சித்தப்பாவுக்குக் கவலை பணத்தில் இல்லை, உளுந்தில் இருந்தது. எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல்லை அறுக்கும்போது கீழே அது இரண்டிலை விட்டிருக்கும். டயர் மெஷின் ஈர வயலில் போட்ட தடத்தில் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்ற இடத்தில் உளுந்து இருக்காது. பெல்ட்டும் நசுக்கத்தான் செய்யும், ஆனால் இவ்வளவு ஆழமாகக் கிழிக்காது. அந்த மூன்று மா உளுந்துக்காகவே பெல்ட் என்று முடிவு.

பெல்ட்காரரைக் கூப்பிட்டால் அவர் ஒரு குண்டு போட்டார். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக வண்டி இறக்க மாட்டாராம். எங்கள் மூன்று மாவுக்கு வேண்டியது 72 நிமிஷம்தான். கொடுக்க வேண்டியது 5,000. மாவுக்கு 1,000 என்று நான் அழகாகக் கண்டுபிடித்த விலை ஒரே வாக்கியத்தில் 1,667 ஆகிவிட்டது. விலை கேட்கும்போதே குறைந்தபட்ச நேரம் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். கணக்கில் தப்பில்லை, கேள்வியில் ஒன்று விட்டுப்போயிற்று.

நல்ல வேளையாக வடிகாலுக்கு அந்தப் பக்கம் மேலத்தெரு அண்ணன் ஒருவருக்கு இரண்டு மா பள்ளம் கிடந்தது. அவருக்கு 48 நிமிஷம், எங்களுக்கு 72. இரண்டும் சேர்ந்தால் அச்சாக 120. மூன்றுக்கு இரண்டு என்று பிரித்தால் நாங்கள் 3,000, அவர் 2,000. பேசி முடித்தோம்.

அறுப்பு முடிவானதும் அடுத்த கேள்வி வந்தது. நெல்லை யாருக்குப் போடுவது?

அதற்குள் போவதற்கு முன் மூட்டை என்ற சொல்லைப் பற்றி ஒரு புலம்பல். என் தாத்தா காலத்தில் கண்டுமுதலை, அதாவது விளைச்சலை, மாவுக்கு இத்தனை கலம் என்பார்கள். 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. இப்போது மூட்டை என்று யாராவது சொன்னால் எத்தனை கிலோ என்று கேட்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே சமயத்தில் இருக்கக்கூடிய மூட்டைகளைப் பாருங்கள். சிமெண்ட் 50 கிலோ. டி.ஏ.பி. உரம் 50. யூரியா 45. அரசு கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40. வியாபாரி கட்டுகிற நெல் மூட்டை 60 அல்லது 62. கடையில் வாங்குகிற அரிசி 26 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலத்துக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் முளைத்த அளவு அது.

இதில் யூரியா கதைதான் எனக்கு உறுத்தும். 2018 வரை அது 50 கிலோ மூட்டை. பிறகு 45 ஆனது. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46. பழைய மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருந்தது, புதியதில் 20.7. "ஏக்கருக்கு ஒரு மூட்டை" என்று பழகிய கை அதே ஒரு மூட்டையைத்தான் இன்னும் தூவுகிறது. பத்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கை கவனிக்கவில்லை. குறைந்தது பயிருக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. எங்கள் ஊரில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் போடுவார்கள். விலை பார்ப்பதற்கும் இதே வழிதான். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதை 20.7-ஆல் வகுத்தால் தழைச்சத்து கிலோ 13 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. டி.ஏ.பி. 1,350 ரூபாய் மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து. தழைச்சத்துக்கு யூரியா விலையைக் கழித்துவிட்டால் மணிச்சத்து கிலோ 54 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் மணிச்சத்து 8 கிலோதான். அது 430 ரூபாய்க்கு மேல் விற்றால், பார்க்க மலிவாக இருந்தாலும் மணிச்சத்துக்கு அது கிராக்கி. கந்தகச் சத்து வேண்டும் என்று போடுகிறவர்கள் போடலாம், அது தனி வரவு.

நெல்லுக்கு வருகிறேன்.

வியாபாரி வயலுக்கே வந்துவிட்டார். "ஈரத்தோடயே எடுத்துக்கிறேன். வண்டி என்னுது, சாக்கு என்னுது, காசு கையில. மூட்டை ஆயிரத்து முந்நூறு." மூட்டை எத்தனை கிலோ என்று கேட்டேன். "அறுபத்திரண்டு" என்று கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். அரசு கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குப் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. மத்திய அரசு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்தது அது. சாவித்திரி பொது ரகத்தில்தான் போகும். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பதர் தூசி நீக்கியிருக்க வேண்டும், முறை வரும் வரை காத்திருக்க வேண்டும்.

முதல் படியில் இரண்டையும் குவிண்டாலுக்கு மாற்றினேன். 1,300-ஐ 62-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 2,097. அரசு 2,500. நூறு கிலோவுக்கு 403 ரூபாய் வித்தியாசம். இங்கேயே நிறுத்திவிட்டு "வியாபாரி கொள்ளையடிக்கிறான்" என்று டீக்கடையில் பேசலாம். நிறையப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஆனால் இரண்டு நூறு கிலோவும் ஒரே நூறு கிலோ இல்லை. வியாபாரி எடுப்பது ஈர நெல், அரசு எடுப்பது காய்ந்த நெல். மெஷினில் இருந்து விழுந்த நெல்லின் ஈரம் 22. அதை 17-க்குக் காய வைத்தால் நூறு கிலோ எவ்வளவு ஆகும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதில்தான் நான் மாட்டினேன். 22-இல் 17 போனால் 5, ஆகவே நூறு கிலோ 95 கிலோ ஆகும் என்று எழுதி வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். எடை போட்டு முடித்தபோது என் கணக்குக்கு ஒன்றரைச் சிப்பத்துக்கு மேல் குறைந்தது. தராசு மேல் சந்தேகம், டிராக்டரில் வந்த பையன் மேல் சந்தேகம். அந்தப் பையனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து இரவு படுத்தபிறகுதான் உறைத்தது, குறைத்தவன் நான்தான் என்று.

காயும்போது போவது தண்ணீர் மட்டும். அரிசியும் உமியும் தவிடும் தார்ப்பாயிலேயே கிடக்கின்றன. ஈரம் 22 என்றால் நூறு கிலோவில் சரக்கு 78 கிலோ. காய்ந்த பிறகும் அதே 78 கிலோதான். ஆனால் இப்போது ஈரம் 17, சரக்கு 83 பங்கு. நூறில் 83 பங்கு 78 கிலோ என்றால் மொத்தம் 78-ஐ 83-ஆல் வகுத்து நூறால் பெருக்கியது: 93.98 கிலோ. போனது 5 இல்லை, 6-க்கு ஒரு துளி கூட. நூறு கிலோவில் ஒரு கிலோ பிசகு. எங்கள் கண்டுமுதல் மாவுக்கு 12 மூட்டை, 60 கிலோ வீதம் ஒன்பது மாவுக்கு 6,480 கிலோ. 95 வீதம் பார்த்தால் 6,156 கிலோ, நிஜத்தில் 6,090. அந்த 66 கிலோவைத்தான் நான் பையன் தலையில் கட்டப் பார்த்தேன். அடுத்த நாள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், எதற்கென்று சொல்லவில்லை.

இனி முழுத் தொகைக்குப் போகலாம். வியாபாரிக்குப் போட்டால் 6,480 கிலோ, 62 வீதம் 104 மூட்டைக்கு மேல் ஒரு அரை. கைக்கு 1,35,871 ரூபாய். நிலையத்துக்கு என்றால் காய்ந்தது 6,090, பதரும் கருக்காயும் தூற்றியதில் 90 போக 6,000 கிலோ, அதாவது 150 சிப்பம். 60 குவிண்டால், 2,500 வீதம் 1,50,000. வித்தியாசம் 14,129.

இதில் செலவு. காய வைக்க நாலு பேர், இரண்டு நாள், ஆளுக்கு 500 என்றால் 4,000. டிராக்டர் இரண்டு நடை 1,800. தூற்றவும் ஏற்றி இறக்கவும் சிப்பத்துக்கு 15 வீதம் 2,250. மொத்தம் 8,050. மிச்சம் 6,079 ரூபாய். குவிண்டாலுக்கு 403 என்று தொடங்கிய வித்தியாசம், செலவெல்லாம் போகக் குவிண்டாலுக்கு 94 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

சித்தப்பாவிடம் இத்தனையையும் போனில் சொல்ல முடியாது. அவருக்கு ஒரே ஒரு எண் வேண்டும், வியாபாரி முன்னால் நிற்கும்போது மனதில் வைத்துக்கொள்ள. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். நிலையத்தில் செலவு போக வருவது 1,41,950. அதை ஈர நெல் 6,480 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 21 ரூபாய் 91 காசு. 62-ஆல் பெருக்கினால் 1,358. "சித்தப்பா, மூட்டைக்கு ஆயிரத்து முந்நூத்தி அம்பத்தெட்டுக்கு மேல குடுத்தா குடுத்துடுங்க. கீழன்னா காய வைங்க."

"மழ வந்தா?"

அதுதான் டெல்டாக்காரன் கேள்வி. தையில் மழை வராது என்று யாரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மழையில் நனைந்தால் இன்னொரு தடவை காய வைக்க இன்னொரு 4,000. அப்போது அந்த எண் 1,320-க்கு இறங்கும். இரண்டு தடவை நனைந்தால் 1,282. வியாபாரி சொன்ன 1,300 இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மழையைத் தாங்கலாம், இரண்டைத் தாங்க முடியாது. நெல் முளைத்துப்போனால் எந்தக் கணக்கும் கிடையாது, அது வேறு.

வட்டியைப் பற்றியும் பயப்படுகிறார்கள். வியாபாரி காசு இன்றைக்கு, நிலையத்துக் காசு சில நாள் கழித்து வங்கிக் கணக்கில். வெளியில் நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால்கூட, 1,35,871 ரூபாய்க்கு மாதம் 2,717. நாளைக்கு 91 ரூபாய். பத்து நாள் தாமதம் என்றால் 900 சொச்சம். வட்டிக்குப் பயந்து 6,079-ஐ விடுவது கூடாது. மாதம் இரண்டு என்பது வருஷத்துக்கு 24. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்தில் கோயில் பணத்தைக் கடன் கொடுத்தபோது காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று இருக்கிறது. அரைக்கால் எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் வருஷத்தில் எங்கள் தெரு வட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருக்கிறது.

வட்டியைவிடக் கனமானது ராக்காவல். நிலையத்து வாசலில் குவித்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்தில் ஆள் படுக்க வேண்டும். ஆள் வைத்தால் ராத்திரிக்கு 400. மிச்சம் 6,079-ஐ 400-ஆல் வகுத்தால் 15 ராத்திரி. நாமே படுத்தால் செலவில்லை என்று பேசுவார்கள். பனியில் படுத்து எழுந்தவர் மறுநாள் வேறு எந்த வேலைக்கும் ஆக மாட்டார், அதை நான் செலவாகத்தான் எழுதுவேன்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. நன்றாகக் காய வைத்து வீட்டில் அடுக்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் போடுவது. அதற்கு ஈரம் 14-க்கு வர வேண்டும். 17-இல் இருந்து 14-க்கு என்றால் 83-ஐ 86-ஆல் வகுக்க வேண்டும். 6,000 கிலோ 5,791 ஆகும். அதே 1,50,000 கைக்கு வர ஏலத்தில் குவிண்டால் 2,590 போக வேண்டும், எலியும் பூச்சியும் இலவசம். சன்ன ரகம் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். சாவித்திரிக்கு நான் யோசிக்கவில்லை.

கடைசியில் நெல்லையும் வயலைப் போலவே பிரித்தோம். மேட்டு ஆறு மா நெல்லைக் காய வைத்து நிலையத்துக்கு. பள்ள மூன்று மா நெல் ஈரம் 25-க்கு மேல், கூடவே சாய்ந்த பயிர். மூன்று நாளாவது காயும். அதை வியாபாரிக்கு. அவர் அதைப் பார்த்ததும் 1,230 என்று இறங்கினார், சித்தப்பா 1,270-இல் நிறுத்தினார். என் தாளில் இருந்த 1,358 இந்த நெல்லுக்குப் பொருந்தாது என்று அவருக்கு நான் சொல்லாமலே தெரிந்திருந்தது. ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கிப் பார்த்தார், ஒரு மணியைப் பல்லில் கடித்தார், பேரத்தைத் தொடங்கிவிட்டார்.

நிலையத்தில் முதல் நாள் ஈரப்பத மீட்டர் 17.4 காட்டியது. காலையில் வீட்டில் பார்த்தபோது சரியாக இருந்தது, சாயந்திரப் பனியில் ஏறியிருக்கிறது. திரும்ப விரித்து மறுநாள் உச்சி வெயிலில் புரட்டியபிறகு 16.6. இன்னும் 0.4 விட்டு வைத்திருந்தால் 4,000 கிலோவுக்கு 19 கிலோ சொச்சம் எடை நின்றிருக்கும், கிட்டத்தட்ட 480 ரூபாய். கூடக் காய்ந்தாலும் நஷ்டம்தான் என்பதை யாரும் பேசுவதில்லை. முறை வர நாலு ராத்திரி ஆனது.

மெஷின் பங்கு மட்டும் இழுபறியாக நின்றது. பெல்ட் மெஷின் சொன்னபடி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டது. ஆனால் எங்கள் மூன்று மா 65 நிமிஷத்திலேயே முடிந்தது. மேலத்தெரு அண்ணனின் இரண்டு மா, பயிர் மொத்தமும் படுத்துக் கிடந்ததால் 55 நிமிஷம் ஆனது. மாக்கணக்கில் பிரித்தால் நாங்கள் 3,000, அவர் 2,000. நிமிஷக் கணக்கில் பிரித்தால் நாங்கள் 2,708, அவர் 2,292. முதலில் பேசியது மாக்கணக்கு என்றார் அவர். மெஷின்காரர் வாங்குவது நிமிஷத்துக்குத்தானே என்றேன் நான். இரண்டும் நியாயம்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "முந்நூறு ரூபாய விடு தம்பி. நாலு ராத்திரில மூணு ராத்திரி நம்ம நெல்லுக்கும் சேத்து அவந்தான் படுத்திருந்தான். ராத்திரிக்கு எவ்வளவுன்னு நீதான எழுதி வச்சிருக்க?"